மனைவியின் நெஞ்சுப் படம்

எக்ஸ்ரே அறையின் மங்கிய வெளிச்சத்தில் பேராசிரியர் திரையையே வெறித்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சுப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் அந்தச் செயற்கை நுண்ணறிவு அவருடைய பதினெட்டு வருட உழைப்பு. இப்போது திரையில் இருப்பது அவர் மனைவியின் படம். ‘நோய் இல்லை’ என்று பச்சை எழுத்தில் பதில் வந்து ஐந்து நிமிடமாகிறது; அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. இடப்பக்கத்து வெளிறிய புள்ளியை விட்டு அவர் விரல் நகர மறுக்கிறது. மின்விசிறி கரகரக்கிறது. வாசலைத் தாண்டிப் போகும் டாக்டரைக் கூப்பிடுகிறார். “டாக்டர், நீங்க ஒரு தடவை கண்ணால பாத்துச் சொல்லிடுங்களேன்.” கழற்றிய வளையல்களைப் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கை நிற்கிறது. “ஏங்க, காலையிலேருந்து நாப்பது பேரை இது சொன்னதை நம்பித்தானே வீட்டுக்கு அனுப்புனீங்க?” என்கிறாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே வருகிறார். பேராசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமல், வீட்டுக்குப் போனவர்களின் பட்டியலைத் திறக்கிறார்.