ஞாயிறு ஓய்வு

விசில் ஊதியபோது மணி நாலு ஐம்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்ற இளைஞனின் போர்வையில் ஒரே ஒரு சுருக்கம் இருந்தது.

"இது போர்வையா, கசக்கிப் போட்ட காகிதமா? இருபது தண்டால்."

"எஸ் சார்."

இருபதையும் எண்ணி முடித்த சார், அப்படியே அடுக்களைப் பக்கம் திரும்பினார். "டீ அஞ்சு அஞ்சுக்கு வரணும். நேத்து அஞ்சு ஏழாயிடுச்சு."

"எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு," என்றாள் அவர் மனைவி.

ராணுவ அகாடமி என்று நினைத்திருந்தால் உங்கள் மேல் தப்பில்லை. இது இரண்டு அறை வீடு. சார் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவர் அல்ல. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றவர்.

வாலிபத்தில் ஒரே ஒரு முறை ஆள் எடுப்புக்குப் போனார். மார்பு போதிய அளவு விரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மார்பு, மகனுக்கு அகாடமியில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றைக்குத்தான் விரிந்தது. அதற்கப்புறம் சுருங்கவே இல்லை.

சேர இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"முதல் வாரத்துலயே பாதிப் பேர் அழுதுக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துடுவாங்களாம். தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். நீ ஓடி வந்து என் மானத்தை வாங்கினே, இந்தக் கதவு திறக்காது."

"வர மாட்டேன்பா."

"அப்பா இல்ல. சார்."

"வர மாட்டேன் சார்."

கடிதத்தோடு அகாடமி ஒரு தினசரி அட்டவணையும் அனுப்பியிருந்தது. பழக்கம் விடுமா? நம்ம சார் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும் நேரம் ஐந்தரை என்றிருந்ததை நாலு ஐம்பது ஆக்கினார். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தை ஐந்தாக்கினார். 'ஞாயிறு ஓய்வு' என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"ராணுவத்துல ஏது ஓய்வு? இது அச்சுப்பிழை." சர்ரென்று ஒரு கோடு.

திருத்திய அட்டவணை அடுக்களைச் சுவரில் ஏறியது. டீ ஆற்றிக்கொண்டே அம்மா, சிவப்புக் கோட்டுக்கு அடியில் தெரிந்த எழுத்தை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். "நிஜமாவே அங்க ஞாயித்துக்கிழமை லீவாடா?" என்று மகனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வேலை நேரத்துல பேச்சு கூடாது," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மூன்று மாதமும் மகன் ஓடினான். பின்னாலேயே சார் சைக்கிளில் விசிலோடு போனார். ஷூவில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெரிந்தால், அதைப் பார்த்த கோபத்திலேயே மறுபடி துடைக்கச் சொல்வார். அம்மாவும் தப்பவில்லை. டம்ளர்கள் உயர வரிசையில் நிற்க வேண்டும், கரண்டிகள் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

கிளம்புகிற நாள் வந்தது. ஆறு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொண்டு வரச் சொல்லியிருந்தது அகாடமி. மகனோ குளிர்கால ஸ்வெட்டர், ஒன்றாம் வகுப்பிலிருந்து வாங்கிய சான்றிதழ்கள், செஸ் போர்டு, அம்மாவின் போட்டோ என்று இரண்டு பெட்டி நிறைய அடுக்கியிருந்தான்.

"பாத்தியா, இதுக்குப் பேருதான் முன்னேற்பாடு. எல்லாம் நான் கத்துக்கொடுத்தது," என்றார் சார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நாலு ஐம்பதுக்கு வழக்கம்போல விசில் ஊதியது. எழுந்து நிற்க வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

ஆறு வாரம் கழித்து போன் வந்தது. அகாடமியின் பயிற்சி அதிகாரி பேசுகிறார் என்றதும் சார் விறைப்பாக எழுந்து நின்றார். ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பையன் எல்லாத்துலயும் முதல் ஆளுங்க. ஓட்டம், படுக்கை, ஷூ, எதுலயும் குறை சொல்ல முடியல."

"எல்லாம் நம்ம ட்ரெய்னிங் சார்."

"அவனும் அப்படித்தான் சொன்னான். ஒரு சின்ன விஷயம். நேத்துலேருந்து பத்து நாள் லீவு விட்டிருக்கோம். மத்த எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. இவன் மட்டும் போகலன்னு எழுதிக் கொடுத்திருக்கான்."

மார்பு இன்னும் ஒரு அங்குலம் விரிந்தது. "கடமை உணர்ச்சி சார். ரத்தத்துலயே ஊறினது."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல, 'வீட்டுக்குப் போனால் ஓய்வு கிடைக்காது'ன்னு எழுதியிருக்கான். என் சர்வீஸ்ல இப்படி ஒரு காரணத்தை நான் பார்த்ததில்ல. வீட்ல ஏதாவது பிரச்சினைங்களா?"

பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சார் ஸ்பீக்கரை அணைக்கிற பொத்தானைத் தேடித் தடவினார். அதற்குள் அடுக்களையிலிருந்து வந்த அம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சார், அங்க சேர்றதுக்கு வயசு வரம்பு எவ்வளவுங்க?"