குதிரைக்குக் கால் வலிக்காதா?

“காலையிலேர்ந்து அந்தக் குதிரை நின்னுக்கிட்டே இருக்கே, அதுக்குக் கால் வலிக்காதா தம்பி?”

ரிசப்ஷன் மேஜையைத் தட்டி வெள்ளைச்சாமி போட்ட சத்தத்தில், லாபியில் இருந்த பொம்மை ஒட்டகச்சிவிங்கியே திரும்பிப் பார்த்திருக்கும்.

தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். போர்டில் மனைவி பங்கஜத்தின் பெயர், கல்லாவில் இவர். கல்யாண நாளுக்கு மகள் பரிசாக ஏற்பாடு செய்ய, இருவரும் பாலவாக்கம் தாண்டி இருக்கும் இந்த சஃபாரி ரிசார்ட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

பேருக்குத்தான் கூடாரம். உள்ளே ஏசி, பாத் டப், வரிக்குதிரைக் கோடு போட்ட படுக்கை விரிப்பு. வந்ததும் வராததுமாக அந்த விரிப்பைக் கசக்கிப் பார்த்து, “சுத்தக் காட்டன் இல்ல, கலப்பு” என்று பங்கஜம் தீர்ப்பே சொல்லிவிட்டாள். பொழுது சாய்ந்தால் ஸ்பீக்கரில் சிங்கம் கர்ஜிக்கும். நிஜ மிருகம் என்று இருந்தது, பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று வர வாசலில் நிறுத்தியிருந்த வெள்ளைக் குதிரை மட்டும்தான்.

மேனேஜர் அஸ்வத் காக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தான்.

“சார், குதிரைங்க அப்படித்தான். தூங்கறதுகூட நின்னுக்கிட்டேதான். அதுக்கு அதான் பழக்கம்.”

“உக்கார விட்டாத்தானேய்யா உக்காரும்? நிக்க வெச்சு நிக்க வெச்சுப் பழக்கிப்புட்டு, அதான் பழக்கம்னா? வாயில்லா ஜீவன், கேக்க ஆளில்லைன்னுதானே இப்படி?”

சுற்றி நின்றவர்கள், “கரெக்ட் சார்” என்றார்கள். வெள்ளைச்சாமிக்குத் தெம்பு கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கடை சூப்பர்வைசர் டில்லிபாபு. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவதுதான் வெள்ளைச்சாமியின் வழக்கம்.

“மொதலாளி, பொடவை செக்‌ஷன்ல தாரணி கீதுல்ல, ஆறாம் மாசம் அதுக்கு. காலு ரெண்டும் வீங்கிக்கினு கீது. உக்கார ஒரு ஸ்டூல் கேக்குது. மேல குடோன்ல சும்மாதானே கீது, லேபர் ஆபீசர் செக்கிங் வந்தா கணக்கு காட்ட எறக்குவோமே, அதுல ஒண்ணு...”

“யோவ், நானே இங்க ஒரு உயிர்ப் பிரச்னையில இருக்கேன். அப்புறம் சொல்றேன், வை!”

பங்கஜம் மூங்கில் குவளையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். டில்லிபாபு சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

மறுநாள் காலை டிபனுக்குப் போன வெள்ளைச்சாமி, சாலட் மேஜையில் இருந்த கேரட்டையெல்லாம் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு நேராகக் குதிரையிடம் வந்தார். ஒவ்வொன்றாக ஊட்டினார். கண் கலங்கிவிட்டது, பாவம்.

“ஏங்க, குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரே, அவருந்தான் நேத்திலேர்ந்து நிக்கறார்” என்றாள் பங்கஜம்.

“அவருக்கென்ன? மனுஷன். வாய் இருக்கு, வேணும்னா கேட்டு வாங்கிப்பாரு.”

பங்கஜம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து அந்த ஆளுக்குப் போட்டாள். வெள்ளைச்சாமி அதைக் கவனிக்கவில்லை. அவர் அஸ்வத்தைத் தேடிப் போய்விட்டார்.

“மிருகவதைன்னு எழுதிக் கொடுக்கட்டுமா? இல்லே போட்டோ எடுத்து ஊர் பூரா அனுப்பட்டுமா?”

அஸ்வத் பயந்துவிட்டான். மத்தியானத்துக்குள் வாசலில் பந்தல் போட்டாயிற்று. கீழே மெத்து மெத்தென்று வைக்கோல். வெயில் நேரத்தில் சவாரி கிடையாது என்று அறிவிப்பும் வைத்தாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். குதிரை அந்த வைக்கோலின் மேலேறி, அதே மாதிரி நின்றது.

“இருக்கட்டும். அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப உக்காரட்டும். உக்காரலாம்ங்கிற உரிமை வேணுமில்ல?” என்றார் வெள்ளைச்சாமி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே.

கார் கிளம்பி அடையாறு சிக்னல் வரும்வரை இதே பேச்சு.

“பாத்தியா பங்கஜம், தட்டிக் கேக்க ஒருத்தன் இருந்தாத்தான் நியாயம் நடக்கும். இனிமே அந்த ஜீவனுக்குக் கால் வலிக்காது.”

போன் அடித்தது. மறுபடி டில்லிபாபு.

“மொதலாளி, தாரணிக்கு அந்த ஸ்டூலு... இன்னிக்கு ரொம்ப முடியலைன்னு சொல்லுது.”

“உனக்கு அறிவிருக்காய்யா? இன்னைக்கு அவ உக்காந்தா நாளைக்கு ஃப்ளோரே உக்காரும். வர்ற கஸ்டமர் என்ன நினைப்பாங்க? வேலைக்குச் சேர்ந்த நாளா நின்னே பழகின பொண்ணுங்க. அதுங்களுக்கு அதான் பழக்கம்!”

சொன்ன வேகத்தில், இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே லேசாக உறுத்தியது.

“வாய் இருந்தா கேட்டு வாங்கிக்கணும்னு சொன்னீங்களே” என்றாள் பங்கஜம். “அவ ரெண்டு தடவை கேட்டாச்சு.”

வெள்ளைச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்கஜம் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள்.

“டில்லிபாபு, அம்மா பேசறேன். குடோன்ல இருக்கற எல்லா ஸ்டூலையும் இப்பவே எறக்கு. பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் போடு. முதல் ஸ்டூல் தாரணிக்கு.”

“போட்டுடறேம்மா. ஆனா மொதலாளி வந்து, இதெல்லாம் யாருக்குடான்னு கேட்டா இன்னா சொல்றது?”

“குதிரைக்குன்னு சொல்லு. ஒண்ணும் சொல்ல மாட்டார்.”