சிக்காமல் ஒரு வீச்சு

“பெருவிரலை எடுக்காதேலே, எடுக்காதே... எடுத்துட்டியா? நல்லது.”

யோசுவா தலையில் கைவைத்தபடி ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயதாஸ் வீசிய தூண்டிலின் ஈயக்குண்டு அவன் காலடியிலேயே விழுந்து கிடந்தது. கையிலிருந்த ரீலில் நூல் இடியாப்பமாகப் பொங்கி நின்றது.

“நான் எடுக்கல்ல அண்ணா. ரீலு கேடாக்கும்.”

“ரீலுக்கு ஒரு கேடும் இல்ல. குண்டு போற வேகத்துக்குத்தான் உள்ள சக்கரம் சுத்தணும். சக்கரம் முந்திச்சுன்னா நூலு சிக்கும். அதுக்குத்தான் பெருவிரலை வச்சு அடக்கணும்னு சொல்லுறது.”

யோசுவா பூவாரில் தூண்டில் கடை வைத்திருப்பவர். தான் விற்ற ரீலைக் குறை சொல்கிறானே என்ற கோபத்தில், கோயில் ஆராதனை முடிந்த கையோடு வேட்டியைக்கூட மாற்றாமல் நெய்யாற்றங்கரைக்கு வந்திருந்தார்.

உண்மையில் ஜெயதாஸுக்கு மீன் பிடிப்பதில் ஒரு ஆசையும் கிடையாது. குன்னத்துகாலில் ஜேசிபி வாடகைக்கு விடுகிறவனுக்கு அதற்கு எங்கே நேரம்? அவனும் ஷீஜாவும் விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தார்கள். குடும்பக் கோர்ட்டில் கவுன்சிலிங் கொடுக்கிற மேடம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏதாவது ஒண்ணை ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. படிச்சாச்சுன்னா வந்து சொல்லுங்க, ரிப்போர்ட் எழுதுறேன்” என்று சொல்லிவிட்டார். ஷீஜா நீச்சல் என்றாள். தண்ணீர் தனக்கு ஆகாது என்றான் அவன். சமையல் என்று அவன் சொன்னதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் தூண்டில் வீசுவது என்று முடிவானது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பனச்சமூட்டிலுள்ள அம்மா வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறாள் ஷீஜா.

முதலில், சீக்கிரம் படித்து முடித்தால் போதும் என்றுதான் ஜெயதாஸும் இருந்தான். இப்போது அவன் கணக்கு வேறு. ‘எந்தக் காரியத்தையும் நீங்க முழுசா செய்ய மாட்டீங்க’ என்று சொல்லித்தான் அவள் வீட்டை விட்டுப் போனாள். அவள் கண் முன்னால் சிக்காமல் ஒரே ஒரு வீச்சு வீசிவிட்டால், அந்தக் குறை தீர்ந்து திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினான். அவள் இல்லாத வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை வாயால் சொல்லத்தான் வரவில்லை. நாளைக்கு மேடத்தைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு விட்டால் வேறு ஞாயிறு கிடையாது.

“காட்டுங்க” என்று ஷீஜா தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள்.

சிக்கெடுக்கும்போது ஜெயதாஸ் தூண்டில் கம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் சக்கரத்தை அமுக்கி, மறு கையால் நூலை இழுத்துப் பிடித்து அசையாமல் இருக்க வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுருக்காகக் கிளப்புவாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

“உங்களுக்குத்தான்.”

“ரெண்டு கையும் மாட்டியிருக்கு. அடிச்சு ஓயட்டு. நீ சொல்லு.”

“போன வாரம் எங்க விட்டேன்?”

“ஸ்கூட்டர் டெஸ்டுக்குப் போனேன்னு சொன்ன. பெறவு பஸ்சு வந்துட்டுது.”

“ஆமா. எட்டு போட்டேன். காலே ஊணல்ல. லைசன்ஸும் கிடைச்சுது.”

“எப்போ?”

“போன ஓணத்துக்கு முன்ன.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே?”

“வந்து சொன்னேன். நீங்க போனுல ஆருகிட்டயோ மண்ணு லோடு பேசிட்டிருந்தீங்க. செலவுக்குக் கேக்கேன்னு நினைச்சு பர்ஸை எடுத்துத் தந்தீங்க.”

ஜெயதாஸுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எட்டு போடுறது லேசில்ல. நான் ரெண்டு தடவை தோத்தவனாக்கும்” என்றான்.

“அது எனக்குத் தெரியாதே” என்று ஷீஜா சிரித்தாள்.

போன் மறுபடியும் அடித்து ஓய்ந்தது. யோசுவா டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் கடைசிச் சுருக்கு விடுபட்டது. ஷீஜா வழக்கம்போல ரீலை ஷாலால் நன்றாகத் துடைத்து நீட்டினாள். ஜெயதாஸ் கம்பை ஓங்குவதற்குள் யோசுவா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“எலே தாசு, சக்கரத்தை அடக்குற இந்தத் திருகை ஆரு லூசாக்கினது? நேத்து கடையில நானாக்கும் முறுக்கித் தந்தேன். இப்படிக் கிடந்தா எனக்கே சிக்குமே.”

“அதைத்தானே அண்ணா சொல்லுதேன். கடையில சரியா இருக்கும். இங்க வந்தா தானா லூசாயிடும்.”

“தானா லூசாவ அது என்ன உன் ஜேசிபியா?” யோசுவா திருகை முறுக்கிக் கொடுத்தார். “இப்ப வீசு.”

ஜெயதாஸ் வீசினான். குண்டு வளைந்து போய் நடு ஆற்றில் ‘ப்ளக்’ என்று விழுந்தது. ரீலில் ஒரு சுருக்குக்கூட இல்லை.

அவன் ஷீஜாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் சந்தோஷத்தைக் காணோம்.

“போச்சு” என்றாள்.

“போச்சுன்னா? படிச்சாச்சு!” என்றார் யோசுவா. “நாளைக்கு மேடத்துட்ட தைரியமா சொல்லுங்க. இந்தத் திருகு இனி அசையாம இருக்க ஒரு சொட்டு பசை விட்டுத் தாறேன்.” தன் வண்டிப் பெட்டியிலிருந்து பசைக்குப்பியை எடுத்து மூடியைத் திறந்தார்.

ஷீஜா எழுந்து வந்து ரீலைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“பசையெல்லாம் வேண்டாம் அண்ணா. பெறவு நான் எப்படி அதை லூசாக்குவேன்?”