விருந்தாளிக்கு ஒரு கூரை

"வீட்டுல யாரு உனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குறா?"

"அக்கா."

முதலில் அப்படிச் சொன்னது குட்டைச் சடையா, அவள் பக்கத்திலிருந்த வாலுவா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த நாளில் பலதும் இப்போது கலங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏழாம் வகுப்பே ஒவ்வொருவராக எழுந்து "அக்கா" என்றதும், ஒவ்வொரு அக்காவுக்கும் கேள்வி கேட்ட கல்வி ஆய்வாளரின் புருவம் கொஞ்சம் மேலே ஏறியதும் மறக்கவில்லை.

எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குத் தேர்ச்சி ஒரே வருடத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. அதுதான் நாங்கள் செய்த குற்றம். காப்பி என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் மதிப்பெண் ரத்து. பள்ளியை மூடிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் பாதிப் பிள்ளைகள் போக மாட்டார்கள். தலைமையாசிரியை கைக்குட்டையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தார். அறிவியல் ஆசிரியனான நான் ஜன்னலோரம் ஜன்னல் மாதிரியே நின்றேன்.

"மேடம், நேராவே சொல்றேன். இங்க முக்கால்வாசி, பிழைக்க வந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க. அப்பா மூட்டை தூக்குறார், அம்மா செங்கல் சுமக்குறாங்க. சில வீட்டுல பேசுற மொழியே வேற. இந்தப் பின்னணிக்கு இந்த மார்க் வராது."

"வந்திருக்கே சார்."

"அதுதான் சந்தேகமே."

விடைத்தாள்களை மேசையில் பரப்பினார். பெருக்கல் கணக்கு எல்லாவற்றிலும், மேலே எழுதும் மீதி எண்ணுக்கு ஒரு சின்னக் கூரை போட்டிருந்தது. எல்லாத் தாளிலும் அதே கூரை.

"பாத்து எழுதினவன் கூரையையும் சேத்துப் பாத்து எழுதியிருக்கான்" என்றார். அந்த நேரம் அவர் போன் அடித்தது.

"ம்... கிளம்பிட்டியா? சரி, சரி." போனை வைத்தவர் எங்களைப் பார்த்து, "வீட்டுல. சாயங்காலமானா வாக்கிங். பச்சை லேஸ் வெச்ச ஷூ வேணும்னா, வாங்கிக் குடுத்தேன். வருஷம் ஒண்ணாச்சு, உடம்பு இம்மி குறையலை. கேட்டா, காத்துக் குடிச்சாலே சதை போடுற உடம்புங்கிறா" என்றார்.

தலைமையாசிரியை மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

ஆய்வாளர் மறுபடி குட்டைச் சடையிடம் திரும்பினார். "பதிவேட்டுல நீ வீட்டுக்கு ஒரே பொண்ணுன்னு இருக்கு. அக்கா எங்கேர்ந்து வந்தா?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாலேர்ந்து சார்."

"பேரு?"

"அக்காதான் சார். ஆன்ட்டின்னு கூப்பிட்டா அன்னிக்குப் பதினேழாம் வாய்ப்பாடு" என்றான் வாலு. "நான் ரெண்டு தடவை எழுதியிருக்கேன்."

"வா இங்க. நாப்பத்தெட்டை ஏழால பெருக்கு. பேப்பர் கிடையாது."

வாலு கண்ணை மூடிக்கொண்டான். "ஏழெட்டு அம்பத்தாறு. ஆறு வீட்டுல இருக்கட்டும். அஞ்சு விருந்தாளி, பக்கத்து வீட்டுக்குப் போறாரு. ஏழு நாலு இருபத்தெட்டு, விருந்தாளியோட முப்பத்து மூணு. முந்நூத்து முப்பத்தாறு."

"அந்தக் கூரை?"

"விருந்தாளியை வெயில்ல நிக்க வைக்கலாமா சார்?"

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"யாரோ படிச்ச ஆள் சொல்லிக் குடுத்துப் பரீட்சையை நடத்தியிருக்கு. அந்த அக்காவை நான் பாக்கணும். இப்பவே."

மணி அடித்ததும் போனோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு தையல் கடை. அதன் ஒற்றை அறைக்குள்ளிருந்து, எங்களுக்கு முன்பே ஓடி வந்துவிட்ட பிள்ளைகளின் இரைச்சல். அதற்கு மேலே ஒரு பெண் குரல்: "விருந்தாளியை யாருடா வெளியிலயே விட்டது? சோறு போடாம எப்படிக் கூட்டல் வரும்?"

ஆய்வாளரின் கால் வாசலில் நின்றுவிட்டது.

வார் அறுந்தும் ஊக்கு குத்தியும் கிடந்த செருப்புகளை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம். பிறகு குனிந்து, அவற்றின் நடுவிலிருந்த ஒரு ஷூவை மட்டும் எடுத்துத் திருப்பி, அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். தேயவே இல்லை. எடுத்த இடத்திலேயே ஜோடி சேர்த்து வைத்தார்.

"அக்காவைக் கூப்பிடட்டா சார்?" என்றான் வாலு.

"வேண்டாம்." குரல் ரகசியமாகிவிட்டது. "நான் வந்தேன்னும் சொல்லாத."

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆயிற்று. மதிப்பெண்கள் அப்படியே நின்றன. பள்ளியும் நிற்கிறது. தலைமையாசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். குட்டைச் சடை கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். வாலு ஒரு ஓட்டலில் விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்கிறான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்றும் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் பதினேழாம் வாய்ப்பாடுதான். ஆய்வாளர் அன்று எழுதிய ஒரே வரி அறிக்கை மட்டும் மேலிடத்தில் யாருக்கும் புரியாமல் மூன்று முறை திரும்பி வந்து, மூன்று முறையும் மாற்றாமலே போனது: "இப்பள்ளியின் தேர்ச்சி உயர்வுக்குக் காரணம், என் மனைவியின் மாலை நேர நடைப்பயிற்சி."