சிக்ஸர் விழுந்த கூரை

ஸ்கோர் அறைக் கூரையின் உடைந்த ஓட்டின் வழியே சாம்பல் வெளிச்சமும் மழையும் ஒன்றாக இறங்குகின்றன. ஸ்கோர் எழுதுகிறவள் வாளியை நகர்த்தி நகர்த்திக் கை சலித்துப்போய் நிற்கிறாள். கிரிக்கெட் கிளப் செயலாளரோ, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். “எங்கப்பா அடிச்ச சிக்ஸர்மா! சின்னப் பையனா வேலி மேல உக்காந்து பார்த்தேன். அந்த ஓடு அப்படியேதான் இருக்கணும்.” கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்த கதை. பெரிய சொட்டு ஒன்று பென்சில் முனையில் விழுந்து தெறிக்கிறது. “பந்து போட்டது யாரு சார்?” “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” பென்சிலை மேசைமேல் வீசுகிறாள். “எங்கப்பா. அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பாட்டுல கையே வைக்கல.” அவள் வாளியைத் தூக்கி அவர் கையில் திணிக்கிறாள். “அடி வாங்கினது எங்கப்பா. வாளியாவது நீங்க பிடிங்க.”