எடுக்காத கிண்ணம்

“கால் மணி நேரமா கிண்ணத்தை முதுகுலயே விட்டு வைப்பாங்களா, எங்கயாச்சும்...”

“நீ சும்மா இரு பரீதா, கிண்ணம் வெச்சு இழுக்குற ஹிஜாமான்னா கொஞ்சம்...”

“கொஞ்சமா? திராட்சைப் பழமாட்டம் கொப்புளிச்சுக் கெடக்குது உம்மா.”

“அஞ்சு நிமிசத்துலயே எடுக்க வந்தா. நான்தான் இன்னும் செத்த கெடக்கட்டும்னேன்.”

குப்புறப் படுத்தபடியே மாமி மகளிடம் சொன்ன பொய்யைக் கேட்டும், கழற்றிய கிண்ணங்களை மடியில் வைத்திருந்த மருமகள் ஜுலைஹா நிமிரவில்லை. ஐந்தாம் நிமிடம் மாமி கூப்பிட்டது அடுப்படி வரைக்கும் நன்றாகவே கேட்டது. “இழுக்குது புள்ளே, எடுத்து விடு” என்று மூன்று முறை. ஆனால், காலையில் விருந்தாளிகள் முன்னால் ஜுலைஹாவுடைய உம்மாவின் மீன் ஆணத்தை ‘இதெல்லாம் ஒரு கொழம்பா’ என்று கிண்டலடித்து மாமி எல்லோரையும் சிரிக்க வைத்தது அவள் காதில் அதைவிடச் சத்தமாக இருந்தது. கழுவிய அரிசியையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

பரீதா களிம்பு தேடி உள்ளே போனாள். மாமி தலையைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டி, ஜுலைஹாவின் முழங்காலைத் தொட்டாள்.

“ஒங்க உம்மா ஆணம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல புள்ளே.”