ஹைட்ரைடு கடைக்காரி

"இந்த செல்லை ஒருத்தன் வாங்கிட்டுப் போனா, அடுத்த செல் வாங்க அவன் பேரன்தாம்மா வருவான். இதெல்லாம் ஒரு வியாபாரமா?"

கல்லாவில் இருந்தவள் நிமிர்ந்தாள். எதிர்வரிசை பேட்டரிக் கடை முதலாளி குடையும் கையுமாக நின்றிருந்தார். ஊரில் பாதி டார்ச்சும் ரிமோட்டும் அவர் விற்கும் செல்லில்தான் ஓடின. தீர்ந்தால் தூக்கிப் போடுகிற செல்.

"வாங்க முதலாளி, உட்காருங்க."

"உட்கார இடத்துக்கா பஞ்சம்? கூட்டம் எங்க இருக்கு இங்க!"

பொய்யில்லை. கடை திறந்து ஒரு மாதம் ஆகியும் பாதிப் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முதலாளி ஒரு செல்லை எடுத்து, கத்தரிக்காயில் சொத்தை தேடுகிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"மெட்டல் ஹைட்ரைடு. சார்ஜ் போட்டா உள்ள இருக்கிற உலோகம் ஹைட்ரஜனைக் குடிச்சு வெச்சுக்கும். டார்ச் எரியும்போது திருப்பிக் கொடுத்துடும். மறுபடி குடிக்கும், மறுபடி கொடுக்கும். நூத்துக்கணக்கான தடவை."

"வாங்கினதைத் திருப்பிக் கொடுக்குமா? அப்ப இது கடைவீதிக்கே ஆகாத சாமான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சுவர்க் கடிகாரத்துக்குப் போடலாமா?"

"அதுக்கு உங்க கடை செல்லே போதும் முதலாளி. இது தண்டச் செலவு. கேமரா, பொம்மைக் கார், தினமும் எரியற டார்ச், இதுக்கெல்லாம் வேணும்னா இங்க வாங்க."

"என் சரக்குக்கு உன் சிபாரிசா!" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, சுத்தி வளைக்க வேணாம். இருக்கிற பெட்டி மொத்தத்தையும் நீ சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன். ரொக்கம். ஒரே ஒரு கண்டிஷன். இனிமே இந்தத் தெருவுல நீ ஹைட்ரைடு செல் விக்கக் கூடாது."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

"பெட்டியைத் தர்றேன். தெருவைத் தர மாட்டேன்."

"அப்ப நான் கிளம்பறேன்."

அவர் படியிறங்கினால், எப்பேர்ப்பட்ட கடைக்காரரும் 'வாங்க, பேசிக்கலாம்' என்று பின்னாலேயே ஓடிவருவார். கடைவீதிக்கே தெரிந்த கதை அது. முதல் படியில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாம் படியில் நின்று குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

உள்ளே அவள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி தெருவைக் கடந்தார். அவர் கடை வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை ஓடிவந்தார்.

"கூப்பிட்டாங்களா முதலாளி?"

"எங்கய்யா! ரெண்டு படியிலயும் நின்னு பார்த்துட்டேன். மூச்சு விடல. இனிமே கேமரா செல் கேட்டு வர்றவங்களை எல்லாம் அங்கேயே அனுப்பு."

"தோத்துட்டு வந்தவர் மாதிரியே தெரியலையே. பல்லெல்லாம் தெரியுது!"

"பின்னே? பேசினது பூரா முதலாளி, முதலாளிதான். வீட்டுக்குப் போனைப் போட்டு அவ அம்மாகிட்ட சொல்லுய்யா. பெத்த அப்பன் படியிறங்கிப் போறேன், ஒரு குரல் கூப்பிடல என் பொண்ணு!"